எதுவரை சிகிச்சை? பச்சிளங்குழந்தைகளும் நமது மனச்சான்றும்

(மேனாம்பேட்டில் கூடிய ஆதரவாளர் கூட்டத்தில் எங்கள் பச்சிளங்குழந்தைப் பிரிவின் சார்பில் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் கணக்கு வாசிப்போம், புதிதாக வாங்கிய கருவிகளைச் சொல்வோம், நன்றி கூறி அமர்ந்துவிடுவோம். இம்முறை கணக்கை அச்சிட்டு உங்கள் கையிலேயே கொடுத்துவிட்டோம். வீட்டில் நிதானமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு வந்த இரண்டு கடிதங்களுக்குப் பதில் சொல்லத்தான் இன்று இந்த நேரத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறோம்.

முதல் கடிதம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடையது. மாதம் தவறாமல் காணிக்கை அனுப்புகிறவர். "பிழைக்காது என்று உங்களுக்கே தெரிந்த பிள்ளைக்கு ஏன் பத்து நாள் படுக்கை கொடுத்துச் செலவு செய்கிறீர்கள்? அந்தப் பணத்தில் பிழைக்கிற பிள்ளைகள் இரண்டைக் காப்பாற்றலாமே" என்று கேட்டிருந்தார். இரண்டாவது கடிதத்தில் பெயர் இல்லை. "கத்தோலிக்க ஆஸ்பத்திரி என்று சொல்லிக்கொண்டு ஒரு சிசுவின் மூச்சுக்குழாயைக் கழற்றினீர்களாமே, அது கருணைக்கொலை அல்லவா? இதற்கா எங்கள் காணிக்கை?" என்று அதில் இருந்தது.

ஒருவர் நாங்கள் அளவுக்கு மீறிச் செய்கிறோம் என்கிறார். மற்றவர் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்கிறார். இருவரும் நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார்கள். பெயரில்லாத கடிதத்திலிருந்தே தொடங்குகிறோம்.

மூச்சுக்குழாயைக் கழற்றியது உண்மை. அந்தக் குழந்தை 25 வாரத்தில் பிறந்த ஆண் குழந்தை. உள்ளங்கையில் அடங்கிவிடும். முதல் இரண்டு நாள் நன்றாகவே இருந்தான். பால்கூடச் சொட்டுச் சொட்டாக ஏற்றுக்கொண்டான். மூன்றாம் நாள் மூளையின் இரண்டு பக்கமும் இரத்தக் கசிவு. ஸ்கேனை மூன்று மருத்துவர்கள் தனித்தனியே பார்த்தார்கள். அதன்பிறகு சிறுநீர் நின்றது, இரத்த அழுத்தம் மருந்துக்கும் நிற்கவில்லை. வெண்டிலேட்டர் மார்பை மட்டும் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. இரத்தம் எடுக்க ஒவ்வொரு முறை குத்தும்போதும் முகம் சுருங்கும். சாவு வந்துவிட்டது, நாங்கள் அதற்கு வழிவிடாமல் கையைப் பிடித்துக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான். பெற்றோரிடம் இரண்டு நாள் பேசினோம். ஒரு மாலை, வலி தெரியாதிருக்க மார்ஃபின் கொடுத்து, குழாயை எடுத்து, தாயின் மார்போடு சேர்த்து வைத்தோம். முக்கால் மணி நேரம் இருந்தான். பிறந்ததிலிருந்து அவள் அவனைத் தூக்கியது அப்போதுதான்.

இது திருச்சபைக்குத் தெரியாத செயலா? இல்லை. மூச்சை இயந்திரத்தால் நடத்தலாம் என்ற நிலை வந்த புதிதிலேயே இந்தக் கேள்வி திருச்சபைக்கு முன் வந்துவிட்டது. இன்ஸ்புருக் நகரத்து மயக்கவியல் மருத்துவர் ஒருவர் அனுப்பிய கேள்விகளுக்கு 1957-ஆம் ஆண்டு நவம்பர் 24 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் பதில் கூறினார். உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கையாளக் கடமை உண்டு. அசாதாரண வழிகளைக் கையாளக் கட்டாயம் இல்லை. எது சாதாரணம்? ஆளையும் இடத்தையும் காலத்தையும் பொறுத்து, தனக்கோ பிறருக்கோ கடும் பாரமாக அமையாதது. இந்தக் கருத்தும் அவர் புதிதாகக் கண்டதல்ல. நானூறு ஆண்டுகளுக்கு முன்பே ஸ்பெயின் நாட்டு இறையியலாளர் பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா இதைப் பேசியிருக்கிறார். கோழிக்கறி சாப்பிட்டால் ஆயுள் கூடும் என்று வைத்தியர் சொன்னாலும், அதைச் சாப்பிட்டே தீர வேண்டும் என்ற கடமை நோயாளிக்கு இல்லை, எல்லாரும் சாப்பிடும் சாதாரண உணவு போதும் என்பது அவர் முடிவு. கோழி அந்தக் காலத்தில் பணக்காரர் வீட்டுச் சாப்பாடு. நம் வீடுகளிலும் ஒரு காலம் வரை அப்படித்தானே இருந்தது!

1980-ஆம் ஆண்டு மே 5 அன்று விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட அறிக்கை இதை இன்னும் தெளிவாக்கியது. கருணைக்கொலையை அது ஐயத்துக்கு இடமின்றிக் கண்டித்தது. அதே அறிக்கைதான், சாவு நெருங்கிவிட்ட நிலையில் வேதனையோடு கூடிய வாழ்வைச் சற்றே நீட்டிப்பதற்கு மேல் எதையும் தராத சிகிச்சையை மறுக்கலாம் என்றும், நோயாளிக்குரிய வழக்கமான பராமரிப்பை மட்டும் எந்நிலையிலும் நிறுத்தக் கூடாது என்றும் கூறியது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2278-ஆம் எண்ணிலும் இதையே காணலாம். சாவை விரும்புவது வேறு. தடுக்க முடியாத சாவை ஏற்றுக்கொள்வது வேறு. பெயரில்லாக் கடிதம் எழுதிய அன்பருக்கு எங்கள் பதில் இதுதான். அவர் இங்கே இருந்தால் கூட்டம் முடிந்தபின் எங்களோடு பேசலாம். யார் என்று கேட்கமாட்டோம்.

ஆனால் இந்தப் படிப்பினை கூரிய கத்தி மாதிரி. தவறான கையில் பட்டால் வெட்டிவிடும். அதற்கும் ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இவள் பெண். நிறைமாதத்தில் பிறந்தவள். முகத்தைப் பார்த்ததுமே டவுன் சிண்ட்ரோம் என்று தெரிந்தது. இரண்டாம் நாள் பச்சையாக வாந்தி எடுத்தாள்; இரைப்பைக்கு அடுத்த குடல் அடைத்திருந்தது. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளிடம் இது நாங்கள் காண்கிற குறைதான். ஓர் அறுவைச் சிகிச்சையில் சரியாகிவிடும். செய்யாவிட்டால் குழந்தை பட்டினியால் சாகும். தந்தை அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். மூலையில் நின்றுகொண்டு தரையையே பார்த்தார். பேசியது குழந்தையின் ஆயாதான். "ஆபரேஷன்லாம் வேணாம் டாக்டரம்மா. இந்த மாதிரி புள்ளைய வெச்சிக்கினு நாளைக்கு யார் பாக்கறது? சாமி எடுத்துக்கட்டும்."

அந்த ஆயாவைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். தன் மகளுக்காகத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் எங்கள் குழுவிலேயே ஒருவர், "அசாதாரண சிகிச்சையை மறுக்கலாம் என்றுதானே திருச்சபை சொல்கிறது?" என்று கேட்டபோது நாங்கள் திடுக்கிட்டோம். இந்த அறுவைச் சிகிச்சையில் என்ன அசாதாரணம் இருக்கிறது? வேறு எந்தக் குழந்தைக்கு இருந்தாலும் அன்றே செய்திருப்போம். வேண்டாம் என்றது சிகிச்சையை அல்ல, குழந்தையை.

வெளிநாட்டிலும் இது நடந்திருக்கிறது. 1982 ஏப்ரலில் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், ப்ளூமிங்டன் நகரில், டவுன் சிண்ட்ரோமும் உணவுக்குழாய் அடைப்புமாகப் பிறந்த ஒரு குழந்தைக்கு அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்று பெற்றோர் சொல்ல, நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆறாம் நாள் குழந்தை இறந்தது. அந்த நாட்டில் பெரும் விவாதம் எழுந்து, ஊனத்தைக் காரணம் காட்டிச் சிகிச்சையை மறுப்பதைத் தடுக்க 1984-இல் சட்டம் வந்தது.

நாங்கள் அன்று ஆயாவிடம் வாதாடவில்லை. எங்கள் சிஸ்டர் ஒருவர், டவுன் சிண்ட்ரோம் உள்ள மகனை வளர்க்கும் பட்டரவாக்கத்துத் தாய் ஒருவரை வரவழைத்தார். அந்த அம்மா சாயங்காலம் மகனையும் கூட்டிக்கொண்டே வந்துவிட்டார். பையனுக்குப் பதினான்கு வயது. வந்ததும் வராததுமாக ஆயாவிடம், "பாப்பா எங்க?" என்றான். கண்ணாடி வழியாகக் காட்டினார். "ஏன் அழுவுது? பசிக்குது அதுக்கு" என்றான். மறுநாள் காலை தந்தை படிவத்தில் கையெழுத்திட்டார். குழந்தைகளுக்கான அறுவைச் சிகிச்சை வசதியுள்ள அரசு மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தோம். இதயத்திலும் சிறு ஓட்டை இருப்பது பின்னால் தெரிந்தது. அதற்கு மாத்திரையே போதுமாயிருந்தது. இப்போது ஆயாவின் இடுப்பை விட்டு இறங்குவதில்லை என்று கேள்வி.

இந்த இரண்டு குழந்தைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்படி கேட்கிறோம். ஆண் குழந்தையிடம் நாங்கள் எடைபோட்டது வெண்டிலேட்டரை: அது அவனுக்கு என்ன கொடுக்கிறது, எவ்வளவு வதைக்கிறது என்று. பெண் குழந்தையிடம் எடைபோடப்பட்டது அவளையே. முன்னதற்கு மருத்துவருக்கும் பெற்றோருக்கும் உரிமை உண்டு. பின்னதற்கு யாருக்கும் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் "சிகிச்சை வேண்டாம்" என்ற ஒரே வார்த்தைதான்.

வேறு சில கேள்விகளும் அடிக்கடி வருவதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பால் கொடுப்பதை நிறுத்துவீர்களா? உடல் ஏற்றுக்கொள்ளும் வரை நிறுத்தமாட்டோம். வாயில் முடியாவிட்டால் மூக்குக்குழாய் வழியாகக் கொடுப்போம். வயிறு வீங்கி, ஏற்றுக்கொள்ளாமல் திரும்ப வரும்போது மட்டும் நிறுத்தி, உதட்டைத் தாய்ப்பாலால் நனைப்போம். மார்ஃபின் உயிரைச் சுருக்காதா? சரியான அளவில் கொடுக்கிறோம். வலியைத் தணிக்கும் நோக்கத்தோடு தரும் மருந்து ஒருவேளை ஆயுளைக் குறைத்தாலும், வேறு வழி இல்லாதபோது அது தவறாகாது என்று அதே 1957-ஆம் ஆண்டு பெப்ரவரியில் பன்னிரண்டாம் பத்திநாதர் மருத்துவர்களிடம் சொல்லிவிட்டார். திருமுழுக்கு? சாவாபத்தில் குருவானவர் இல்லாவிட்டால் சரியான கருத்தோடு யாரும் கொடுக்கலாம் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் இரவுச் செவிலியர் பலர் கொடுத்திருக்கிறார்கள். பிற சமயத்தார் பிள்ளைகளுக்குப் பெற்றோர் கேட்காமல் நாங்கள் செய்வதில்லை. "தலைமேல் கை வைத்துச் செபிக்கலாமா?" என்று மட்டும் கேட்போம். வேண்டாம் என்றவர்கள் மிகக் குறைவு.

இன்னொன்று. 2017-இல் லண்டன் மருத்துவமனையில் சார்லி கார்ட் என்ற குழந்தையின் செய்தி உலகமெல்லாம் பேசப்பட்டது. செல்களுக்குச் சக்தி கிடைக்காத அபூர்வ நோய். அமெரிக்காவில் சோதனைச் சிகிச்சைக்குக் கொண்டுபோகப் பெற்றோர் விரும்பினார்கள். பொதுமக்கள் பத்து இலட்சம் பவுனுக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள். மருத்துவமனை மறுத்தது, நீதிமன்றங்களும் மறுத்தன. உரோமையில் திருத்தந்தையின் குழந்தைகள் மருத்துவமனையான பம்பினோ ஜேசு அவனை ஏற்கத் தயார் என்றது. அதற்குச் சில நாள் முன்பு வத்திக்கானின் வாழ்வுக்கான கழகம், மருத்துவத்தின் எல்லையையும் ஏற்க வேண்டும் என்று அறிக்கை விட்டிருந்தது. நல்ல கத்தோலிக்கர்களே இரண்டு பக்கமும் நின்றார்கள். ஜூலை 28 அன்று குழந்தை இறந்தான். பெற்றோர் வேண்டும் என்கிறார்கள், மருத்துவரும் நீதிபதியும் வேண்டாம் என்கிறார்கள்: அங்கே சிக்கல் அது.

நம் ஊரில் அந்தச் சிக்கல் வந்து நாங்கள் பார்த்ததே இல்லை. நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. உயிரைச் செயற்கையாக நீட்டிக்கும் சிகிச்சையை விலக்கிக்கொள்ள உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9-இல் வழிவகுத்தது. 2023 ஜனவரியில் அந்த நடைமுறையை எளிதாக்கி, மருத்துவர் குழுக்கள் இரண்டு பார்த்து முடிவு செய்யலாம் என்றது. இந்தியக் குழந்தைநல மருத்துவர் கழகமும் 2017-இல் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. இவை நல்லவை, நாங்கள் பின்பற்றுகிறோம். ஆனால் நம் ஊரில் பெரும்பாலான குழந்தைகளின் காரியத்தை முடிவு செய்வது மருத்துவர் குழுவும் அல்ல, திருச்சபையும் அல்ல. பில்.

இதைச் சொல்ல எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? சில ஆண்டுகளுக்கு முன் எட்டாம் மாதத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தை எங்களிடம் இருந்தது. நுரையீரல் முதிரவில்லை. ஒரு மருந்து, ஐந்தாறு நாள் மூச்சு உதவி, பிறகு பால் குடித்து எடை கூடினால் வீடு: அவ்வளவுதான் தேவை. மூன்றாம் நாள் இரவு கணக்குப் பிரிவிலிருந்து வழக்கமான சீட்டு வார்டுக்கு வந்தது. யாரும் மிரட்டவில்லை. சீட்டைப் படுக்கையருகே வைத்தார்கள். தந்தை அதை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். விடியற்காலையில், "வீட்டுக்குக் கூட்டிக்கினு போறோம் சிஸ்டர்" என்றார். மருத்துவர் ஆலோசனைக்கு மாறாகச் சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம் என்று எழுதிய தாளை நாங்கள் நீட்டினோம். அவர் கையெழுத்துப் போட்டார். எங்கள் பதிவேட்டில் "பெற்றோர் விருப்பம்" என்று எழுதினோம்.

எது பெற்றோர் விருப்பம்? 1980 அறிக்கையில் ஒரு வரி உண்டு: குடும்பத்துக்கு மிகையான செலவை ஏற்றிவிடக் கூடாது என்ற எண்ணமும் சிகிச்சையை மறுக்க நியாயமான காரணமாகலாம் என்று. நாங்கள் அதை நன்றாகவே அறிவோம். அந்தத் தந்தை பாவம் செய்யவில்லை. அவருக்கு அது வித்தோரியா சொன்ன கோழிக்கறி. ஆனால் எங்களுக்கு அது அன்றாடச் சோறு. அந்த மருந்து எங்கள் குளிர்பதனப் பெட்டியில் இருந்தது. அவருக்கு அசாதாரணமாக இருந்ததைச் சாதாரணமாக்கித் தர எங்களால் முடியும்; நாங்கள் செய்யாமல் தாளை நீட்டினோம். இரண்டாம் நாள் அவர்கள் தெருவிலிருந்து வந்த ஒருவர் சொல்லித்தான் குழந்தை இறந்தது தெரிந்தது. பால் கட்டி நெஞ்சு வலிக்கிறதென்று அந்தத் தாய் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டிக்கொண்டு படுத்திருந்தாராம்.

பெண் குழந்தை என்பதால் சீக்கிரம் முடிவெடுத்தார்களா? நாங்கள் கேட்கவில்லை. 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் ஏன் தொடங்கப்பட்டது என்று அறிந்த நாம் அந்தக் கேள்வியை மறக்க முடியாது.

அரசு மருத்துவமனைகளில் பிறந்து முப்பது நாள் வரை நோயுற்ற குழந்தைக்கு இலவச சிகிச்சை என்று 2011-இல் ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் வந்தது. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை எத்தனையோ உயிர்களைக் காத்து வருகிறது. அனுப்பக்கூடிய குழந்தைகளை நாங்கள் அனுப்புகிறோம். ஆனால் மூச்சுக்குத் தவிக்கும் குழந்தையை நடு இரவில் இங்கிருந்து அசைக்க முடியாத நேரங்கள் உண்டு. வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள், தினக்கூலி போனால் அடுப்பெரியாது என்ற நிலையில் மருத்துவம் இலவசமானாலும் மற்றது இலவசமாகாது.

2021-இல் நாமக்கல் மாவட்டத்துக் குழந்தை ஒன்றுக்குத் தசைநார்ச் சிதைவு நோய்க்காக 16 கோடி ரூபாய் மருந்து வேண்டியிருந்தது. முன்பின் தெரியாதவர்கள் சிறுகச் சிறுகப் பணம் அனுப்பினார்கள், மத்திய அரசு இறக்குமதி வரியைத் தள்ளுபடி செய்தது, மருந்து வந்தது. அதைத் திரட்ட முடியாத பெற்றோர் மீது எந்தக் குற்றமும் இல்லை. எங்களில் சிலர், அத்தனை கோடியை எத்தனை குழந்தைகளுக்குப் பிரித்திருக்கலாம் என்று ஆசிரியர் ஐயாவைப் போலவே கணக்குப் போட்டதுண்டு. ஆனால் கொடுத்தவர்கள் கணக்குப் பார்த்துக் கொடுக்கவில்லை. ஒரு முகத்தைப் பார்த்துக் கொடுத்தார்கள். முகம் தெரியாத குழந்தைகளுக்காகக் கொடுப்பவர்கள் நீங்கள். அது இன்னும் கடினம்.

ஆசிரியர் ஐயாவுக்கு நாங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. பிழைக்காத குழந்தைக்குச் செலவு செய்வதில்லை ஐயா, விலையுயர்ந்த எதையும் செய்வதில்லை. அந்தப் பத்து நாளின் கணக்கை நீங்கள் கேட்கலாம்: ஒரு வார்மர், கொஞ்சம் மருந்து, தாய்க்கு மூன்று வேளைச் சாப்பாடு, இரவில் ஒரு செவிலி. 2020-இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட 'நல்ல சமாரியர்' என்ற மடலும், பிறந்து சில மணி நேரமே வாழப்போகும் குழந்தைக்கும் வலி நீக்கமும் துணையும் தர வேண்டும் என்றுதான் கேட்கிறது. உங்கள் காணிக்கையில் பெரும்பகுதி போவது பிழைக்கக்கூடிய, ஆனால் தகப்பனின் சட்டைப்பைக்கு எட்டாத குழந்தைகளுக்கு. அச்சிட்ட தாளில் நான்காம் வரி அது. சென்ற ஆண்டு செப்டம்பரோடு அந்தத் தொகை தீர்ந்துவிட்டது. மீதி மூன்று மாதம் வேறு கணக்கிலிருந்து எடுத்தோம்.

இப்போது எங்கள் பிரிவில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். கணக்குச் சீட்டு எதுவும் குழந்தை இருக்கும் அறைக்குள் வரக் கூடாது. வீட்டுக்கு அழைத்துப் போகிறோம் என்று யாராவது சொன்னால் உடனே தாளை நீட்டுவதில்லை. ஒரு மருத்துவர், ஒரு செவிலி, பண உதவியைப் பார்க்கும் சிஸ்டர் ஆகிய மூவரும் அவர்களோடு உட்கார்ந்து, தேநீர் கொடுத்து, முதலில் கேட்கும் கேள்வி: "பணம் ஒரு பிரச்சினையே இல்லையென்றால் என்ன செய்வீர்கள்?" பலர் அழுதுவிடுகிறார்கள். சிலர், "அப்பவும் கூட்டிக்கினு போயிடுவோம் சிஸ்டர், ரொம்ப கஷ்டப்படுது" என்கிறார்கள். அவர்களுக்கு மருந்தும், சொட்டுப் பால் கொடுக்கக் கற்றுக்கொடுத்த பாலாடையும், எங்கள் தொலைபேசி எண்ணும் கொடுத்து, வண்டியிலேயே வீடுவரை கொண்டுபோய் விடுகிறோம். பதிவேட்டில் "பெற்றோர் விருப்பம்" என்று எழுதுவது அந்தக் கேள்விக்குப் பிறகுதான்.